விமானத்தைக் கடத்தினால் தரையிலிருந்தே பிடுங்கிக்கொள்ள முடியாதா?

#1 திரிசூலம்_ரன்வே · திங்கள், இரவு 9.14

எல்லாருக்கும் வணக்கம். குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் ஏரோநாட்டிகல் படிக்கிறேன். ஹாஸ்டலில் காந்தகார் கடத்தல் பற்றிப் பேச்சு எடுத்து, அது சண்டையாகிவிட்டது. அதான் இங்கே கொண்டுவந்து கொட்டுகிறேன்.

பயணிகளோடு ஒரு விமானம் தானாகவே தரையைத் தொட்டது 1965லேயே நடந்துவிட்டது. ட்ரோனைப் பல ஆயிரம் கிலோமீட்டர் தள்ளி உட்கார்ந்து ஓட்டுகிறார்கள். அப்படியிருக்க, பைலட் டிரான்ஸ்பாண்டரில் (தரை ரேடாருக்கு விமானத்தை அடையாளம் காட்டுகிற கருவி) 7500 என்ற கடத்தல் குறியீட்டைப் போட்ட அடுத்த நொடி காக்பிட்டை மொத்தமாக முடக்கிவிட்டு, தரையிலிருந்து ஓட்டி ஏதாவது ராணுவ ஓடுதளத்தில் இறக்கினால் என்ன? 2001 செப்டம்பர் 11 நடந்து இரண்டே வாரத்தில் சிகாகோ ஓ'ஹேர் விமான நிலையத்தில் நின்று அமெரிக்க அதிபர் புஷ் இதைத்தான் சொன்னார். போயிங் 2006 நவம்பரில் காப்புரிமையே வாங்கிவிட்டது: ஒருமுறை இயங்க ஆரம்பித்தால் விமானத்துக்குள் இருக்கிற யாராலும் நிறுத்த முடியாத ஆட்டோபைலட்.

இத்தனை வருஷமாகியும் ஏன் ஒரு பயணிகள் விமானத்திலும் இல்லை? காசா? பைலட் சங்கங்களா?

#2 மவுண்ட்ரோடு_மணி · திங்கள், இரவு 9.21

தம்பி, எங்க வீட்ல டி.வி. ரிமோட் யார் கையில இருக்கணும்னே இன்னும் தீர்ப்பு வரல. 180 பேர் உக்காந்திருக்கிற பிளேனோட ரிமோட்ட யாரு வெச்சிக்கிறது?

துண்டு போட்டுட்டேன். விஷயம் தெரிஞ்சவங்க வாங்க.

#3 பழைய_ஹேங்கர் · திங்கள், இரவு 10.40

மீனம்பாக்கம் ஹேங்கரில் ஏவியானிக்ஸ், அதாவது விமானத்தின் மின்னணுக் கருவிகள் பார்த்து ரிடயர் ஆனவன். காசு, சங்கம் எல்லாம் அப்புறம் பேசலாம் தம்பி.

ஆட்டோபைலட் என்றதும் உள்ளே இன்னொரு ஆள் உட்கார்ந்திருப்பதாக நினைத்துக்கொள்கிறார்கள். இந்த உயரம், இந்தத் திசை, இந்த வேகம் என்று குமிழைத் திருகி வைத்தால் அதைப் பிடித்துக்கொள்ளும், அவ்வளவுதான். நீ சொல்கிற ஆட்டோலேண்டிலும் (தானாகத் தரையிறங்குவது) ஃபிளாப்பை (இறக்கையின் பின்னோர மடிப்பு) இறக்குவது, சக்கரத்தை இறக்குவது எல்லாம் லீவரைப் பிடித்து மனுஷன் செய்கிற வேலை. தரையில் ஐ.எல்.எஸ். (ரேடியோ அலையால் ஓடுதளத்துக்கு வழிகாட்டுகிற கருவி) இருக்கணும், அதுவும் அதற்கேற்ற தரத்தில் இருக்கணும். டெல்லியில் பனிக்காலத்துக்காக அப்படி வைத்திருக்கிறார்கள், எல்லா ஊரிலும் கிடையாது. பக்கக் காற்றுக்கு வரம்பு வேறு இருக்கிறது, கையால் இறக்குவதைவிடக் கம்மி. 2024 நவம்பர் 30, ஃபெஞ்சல் புயலன்று நம்ம ஓடுதளத்துக்கு மேலே ஒரு ஏர்பஸ் தள்ளாடித் தள்ளாடி வந்து கடைசி நொடியில் மேலே ஏறிப் போன வீடியோவை நீயும் பார்த்திருப்பாய். 'இறங்காதே, மேலே போ' என்று அங்கே முடிவெடுத்தது உள்ளே இருந்த ஆட்கள்.

சரி, இதெல்லாம் எஞ்சினியரிங். காசு போட்டால் தீர்ந்துவிடும். தீராதது வேற ஒன்று.

அந்த போயிங் காப்புரிமையில், ஆட்டோபைலட் பெட்டிக்கு மின்சாரம் தனி வழியில் வருகிறது. உள்ளே இருப்பவன் எந்த சர்க்யூட் பிரேக்கரை இழுத்தாலும் அணையாது. அணைந்தால் கடத்தல்காரனும் அணைத்துவிடுவானே, அதனால். இதைப் படித்தவுடன் எனக்கு ஸ்விஸ்ஏர் 111 தான் ஞாபகம் வந்தது. 1998 செப்டம்பர் 2, நியூயார்க்கிலிருந்து ஜெனீவா. காக்பிட் கூரைக்கு மேலே வயரிங்கில் பொறி கிளம்பி இன்சுலேஷன் பற்றிக்கொண்டது. 229 பேரில் ஒருத்தர்கூட மிஞ்சவில்லை. சீட்டுக்கு முன்னால் படம் பார்க்கிற கருவியைப் பிறகு பொருத்தியிருந்தார்கள். பைலட் கேபின் மின்சாரத்துக்கான சுவிட்சை அணைத்தாலும் அந்தக் கருவிக்கு மின்சாரம் நிற்காதபடி இணைத்திருந்தார்கள். விசாரணையில் வெளிவந்த விஷயம் இது. புகை வந்தால் எந்தப் பெட்டியையும் அணைக்க முடியணும் என்பது எங்கள் தொழிலில் அரிச்சுவடி. அணைக்கவே முடியாத பெட்டி ஒன்றை நாமே காசு கொடுத்து உள்ளே வைக்கணும் என்கிறாய்.

#4 திரிசூலம்_ரன்வே · திங்கள், இரவு 11.02

சார், விளக்கத்துக்கு நன்றி. ஆனால் முழு அளவு ஜெட்டைத் தரையிலிருந்தே ஓட்டிய கதை புதுசு இல்லையே. 1984 டிசம்பர் 1 அன்று அமெரிக்காவின் எட்வர்ட்ஸ் விமானப்படைத் தளத்தில் நாசா ஒரு போயிங் 720ஐ ஆளே இல்லாமல் ரிமோட்டில் கிளப்பிக் கொண்டுவந்து மோதவைத்தது. நாற்பது வருஷத்துக்கு முந்தைய கருவிகளை வைத்துக்கொண்டு!

#5 பழைய_ஹேங்கர் · செவ்வாய், காலை 6.15

மோதவைத்தது எப்படி என்று சொல்லாமல் விட்டுவிட்டாயே. சக்கரம் உள்ளே, இறக்கை மட்டமாக, குறித்த இடத்தில் வயிறு தரையில் படணும் என்பது திட்டம். கடைசி நேரத்தில் விமானம் இரண்டு பக்கமும் ஆட ஆரம்பித்து, இடது இறக்கை முதலில் தரையில் தட்டியது. ஓட்டியவர் நாசாவின் கைதேர்ந்த டெஸ்ட் பைலட். வெளுத்த வானம், தட்டையான பாலைவனம், முன்கூட்டியே ஒத்திகை. அத்தனையும் இருந்தும் இது நடந்தது.

#6 சிறுசேரி_பாக்கெட் · செவ்வாய், காலை 9.48

ஆபீஸ் பஸ்ஸில் இருந்து தட்டுகிறேன், எழுத்துப்பிழை இருந்தால் விட்டுவிடுங்கள். நெட்வொர்க் பாதுகாப்புதான் என் பிழைப்பு.

ட்ரோன் உதாரணத்தை எல்லாரும் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். பூமிக்கு மேலே 36,000 கிலோமீட்டரில் நிற்கிற செயற்கைக்கோள் வழியாகக் கட்டளை மேலே போய்க் கீழே வரவே கால் நொடி. அதன் விளைவைத் திரையில் பார்க்க இன்னொரு கால் நொடி. அதனால்தான் அமெரிக்க ராணுவம் பிரிடேட்டர், ரீப்பர் ட்ரோன்களையெல்லாம் நெவாடாவில் உட்கார்ந்து ஓட்டினாலும், கிளப்புவதற்கும் இறக்குவதற்கும் ஓடுதளம் பக்கத்திலேயே இன்னொரு குழுவை வைத்திருந்தது.

ஆனால் எனக்குத் தாமதம் பெரிய கவலை இல்லை. அந்தக் கட்டளையைத் திறக்கிற ரகசியச் சாவிதான் கவலை. 'என்கிரிப்ட் பண்ணிட்டா போச்சு' என்று அடுத்த பதிவில் யாரோ எழுதப் போகிறார்கள், அதனால் இப்போதே சொல்லிவிடுகிறேன். பூட்டு செய்வது சுலபம். சென்னையிலிருந்து ஃப்ராங்ஃபர்ட் போகிற விமானம் எத்தனை நாட்டு வான்வெளியைத் தாண்டுகிறது என்று வரைபடத்தில் எண்ணிப் பாருங்கள். அத்தனை நாட்டுக் கட்டுப்பாட்டு அறையிலும் சாவி இருக்கணுமா? இருந்தால் அதில் ஏதோ ஓர் அறையில் ஏதோ ஓர் ஆள் விலைபோவான். இல்லை, ஒரே ஒரு இடத்தில்தான் இருக்கும் என்றால் உலகத்தில் உள்ள அத்தனை திருடனும் அந்த ஒரு கதவு முன்னால் வரிசையில் நிற்பான். இப்போது கடத்தணும் என்றால் டிக்கெட் எடுத்து, சோதனையைத் தாண்டி, உயிரைப் பணயம் வைத்து உள்ளே ஏறணும். நீங்கள் கேட்கிற கருவி வந்துவிட்டால் அந்தச் சிரமமெல்லாம் மிச்சம்.

இன்னொன்று. வழி காட்டும் சமிக்ஞையையே ஏமாற்றுகிற காலம் இது. 2023 நவம்பரிலிருந்து 2025 பிப்ரவரி வரை நம் எல்லைப் பகுதியில் மட்டும் 465 ஜி.பி.எஸ். குறுக்கீடுகள், பெரும்பாலும் அமிர்தசரஸ், ஜம்மு பக்கம் என்று நாடாளுமன்றத்தில் அரசே சொன்னது. 2025 நவம்பரில் டெல்லியைச் சுற்றியே நடந்தது. பிறகு அரசு சொன்ன, இப்படிக் குறுக்கீடு நடந்த விமான நிலையங்களின் பட்டியலில் சென்னையும் இருந்தது. இப்போது அப்படி நடந்தால் பைலட் திரையை நம்பாமல் வேறு கருவியைப் பார்ப்பார். காக்பிட்டை முடக்கிவிட்ட விமானத்தில் யார் பார்ப்பது?

#7 கோடம்பாக்கம்_கேமரா · செவ்வாய், மதியம் 1.30

எல்லாம் சரி, 2014ல காணாமப் போன மலேசிய பிளேன் எம்எச்370 பத்தி யாரும் வாயே திறக்கல பாத்தீங்களா? அந்த போயிங்ல இந்த சிஸ்டம் இருந்துச்சு, எவனோ ரிமோட்ல தூக்கிட்டான். எல்லாருக்கும் தெரியும், சொல்ல மாட்டாங்க.

#8 மவுண்ட்ரோடு_மணி · செவ்வாய், மதியம் 1.34

வந்துட்டாருப்பா. ரெண்டாவது பக்கம் போற வரைக்கும் தாங்கும்னு நெனச்சேன்.

#9 மீனம்பாக்கம்_அலைவரிசை · செவ்வாய், மாலை 5.05

கேமரா சார், கேலி பண்ணாமல் பதில் சொல்கிறேன். 2018 ஜூலையில் வந்த மலேசிய விசாரணை அறிக்கை இந்தக் காப்புரிமையையும் எடுத்துப் பேசியிருக்கிறது. அப்படி ஒரு அமைப்பை எந்தப் பயணிகள் விமானத்திலும் பொருத்தவில்லை என்று போயிங் அவர்களிடம் உறுதி கூறியது. 239 பேருடைய குடும்பங்கள் இன்னமும் விடை தெரியாமல் இருக்கிறார்கள், அதில் போய் இதைச் செருக வேண்டாமே.

என் விஷயத்துக்கு வருகிறேன். ஏ.டி.சி.யில் (விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாடு) ரொம்ப வருஷம் கன்ட்ரோலராக இருந்தவள். புஷ் அன்றைக்கு, விமானத்தில் பிரச்சினை என்றால் கன்ட்ரோலர்களே இறக்கிவிடலாம் என்கிற மாதிரிப் பேசினார். கன்ட்ரோலர் பைலட் இல்லை. ஒரு விமானத்தைக்கூட ஓட்டிப் பழகாத ஆள், ஒரே நேரத்தில் பத்துப் பதினைந்து விமானத்துக்கு இடைவெளி பார்த்துக்கொண்டிருப்பார். சென்னைக் கட்டுப்பாட்டுப் பகுதியில் வங்காள விரிகுடாவின் பெரிய பரப்பு வருகிறது. அங்கே ரேடார் எட்டாது. செயற்கைக்கோள் வழியாக எழுத்துச் செய்தி அனுப்பித்தான் பேசுகிறோம். அந்தத் தூரத்தில் ஒரு விமானத்தை என் கையில் கொடுத்து 'ஓட்டு' என்றால் நான் எழுந்து வெளியே போய்விடுவேன்.

திரிசூலம் தம்பி காந்தகாரில் ஆரம்பித்தார். அதையே எடுத்துக்கொள்வோம். 1999 டிசம்பர் 24, காத்மாண்டுவிலிருந்து டெல்லிக்கு வந்த இந்தியன் ஏர்லைன்ஸ் விமானம் ஐ.சி. 814. விமானத்தை ஓட்டியது கடைசிவரை கேப்டன் தேவி சரண்தான், கடத்தல்காரர்கள் இல்லை. அமிர்தசரஸில் இறங்கி முக்கால் மணி நேரம்போல நம் மண்ணிலேயே நின்றது. உங்கள் ரிமோட்டால் கொண்டுவரக்கூடியதும் அந்த நிலைக்குத்தானே? விமானம் நம் ஓடுதளத்தில், உள்ளே துப்பாக்கியோடு ஐந்து பேர், கழுத்தில் கத்தியோடு பயணிகள். அதற்கப்புறம் என்ன செய்வது என்று தெரியாமல்தான் அன்று கோட்டைவிட்டோம். பயணி ரூபின் கத்யாலைக் கொன்றது அவர்கள் கையிலிருந்த கத்தி. ஸ்டியரிங்கைப் பிடுங்கினால் அந்தக் கத்தி மழுங்காது.

அடுத்து லாகூர். முதலில் இறங்க விடமாட்டோம் என்று ஓடுதள விளக்கை அணைத்தார்கள். கேப்டன் இருட்டில் ஒரு சாலையையே ஓடுதளம் என்று நினைத்துக் கீழே போய், கடைசியில் சுதாரித்து மேலே எழுப்பினார். தரையில் இருக்கிறவன் ஒத்துழைக்காவிட்டால் எந்தத் தானியங்கியும் வேலை செய்யாது.

நம்ம ஊருக்கு வரவேண்டிய ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். 1993 மார்ச் 27, டெல்லியிலிருந்து மெட்ராஸ் கிளம்பிய ஐ.சி. 439. உடம்பில் வெடிகுண்டு கட்டியிருக்கிறேன் என்று ஒருவர் மிரட்டினார், அதுவும் அமிர்தசரஸில் போய் நின்றது. பேசிப் பேசியே சரணடைய வைத்தார்கள். குண்டு என்று காட்டியது தலைமுடி உலர்த்துகிற கருவி.

#10 திரிசூலம்_ரன்வே · செவ்வாய், இரவு 8.20

மேடம், நீங்கள் சொல்வது பணயக்கைதிக் கடத்தல். விமானம் ஓடுதளத்துக்கே வந்து சேராத சம்பவங்களைப் பற்றி யாரும் பதில் சொல்லவில்லை. இரண்டு சம்பவம் வைக்கிறேன்.

ஒன்று, 1996 நவம்பர் 23, எத்தியோப்பியன் 961. ஆஸ்திரேலியாவுக்குப் போ என்றார்கள். எரிபொருள் போதாது என்று கேப்டன் எவ்வளவு சொல்லியும் நம்பவில்லை. கொமோரோஸ் தீவுக் கடற்கரையோரம் தண்ணீரில் விழுந்தது, 175 பேரில் 125 பேர் இறந்தார்கள். பட்டன் இருந்திருந்தால் எரிபொருள் இருக்கும்போதே இறக்கியிருக்கலாமா இல்லையா?

இரண்டு, 2015 மார்ச் 24, ஜெர்மன்விங்ஸ் 9525. கேப்டன் கழிவறைக்குப் போனதும் துணை விமானி கதவைப் பூட்டிக்கொண்டு, 38,000 அடியில் பறந்த விமானத்துக்கு 100 அடி என்று ஆட்டோபைலட்டில் திருகி வைத்தார். அது சொன்னபடியே செய்தது. மலையில் மோதும் வரை ஏறக்குறைய 10 நிமிஷம். பிரெஞ்சு கன்ட்ரோலர்கள் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள். 150 பேர். அந்த 10 நிமிஷத்தில் தரையில் இருந்தவர்களுக்கு ஒரு பட்டன்கூட இல்லை.

#11 மீனம்பாக்கம்_அலைவரிசை · செவ்வாய், இரவு 8.51

961ஐ ஒத்துக்கொள்கிறேன். அங்கே உங்கள் பட்டன் உயிர் காப்பாற்றியிருக்கும்.

ஜெர்மன்விங்ஸில் யோசிக்கணும். விமானம் அனுமதி இல்லாமல் இறங்குகிறது, ரேடியோவில் பதில் இல்லை. கேபினில் காற்றழுத்தம் போனாலும் திரையில் இதேதான் தெரியும். பைலட் ஆக்சிஜன் முகமூடியை மாட்டிக்கொண்டு உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு இறக்கிக்கொண்டிருப்பார். அந்த நேரம் நான் பட்டனை அமுக்கி அவரிடமிருந்து விமானத்தைப் பிடுங்கினால்?

#12 ஹைகோர்ட்_கேண்டீன் · புதன், காலை 7.30

சட்டம் பக்கமிருந்து ஒரு குறுக்கீடு. பாக்கெட் சொன்ன பயம் சட்டப் புத்தகத்தில் ஏற்கெனவே இருக்கிறது. 2010ல் பெய்ஜிங்கில் போட்ட ஒப்பந்தம், விமானக் கடத்தல் என்றால் மிரட்டியோ பலத்தாலோ கைப்பற்றுவது மட்டுமல்ல, எந்தத் தொழில்நுட்ப வழியில் கைப்பற்றினாலும் கடத்தல்தான் என்று சேர்த்தது. அதை உள்வாங்கித்தான் நம் நாட்டின் 2016 கடத்தல் தடுப்புச் சட்டம் வந்தது. அதாவது, விமானத்தில் ஏறாமலே கடத்துகிறவன் வருவான் என்று அரசுகளே எதிர்பார்த்து எழுதிவைத்துவிட்டன.

பொறுப்பு யாருடையது என்பது அடுத்த சிக்கல். விமானம் பறக்கும்போது கடைசி முடிவு தலைமை விமானியுடையது. சர்வதேச விதி அது. விபத்து என்றால் இழப்பீடு விமான நிறுவனத்தின் தலையில். தரையிலிருந்து ஒரு அரசு அலுவலர் பிடுங்கி ஓட்டி, ஓடுதளத்தைத் தாண்டிப் போய் 20 பேர் இறந்தால் வழக்கு யார் மேல்? விமானி கைகட்டி உட்கார்ந்திருந்தார், நிறுவனத்துக்குக் கட்டுப்பாடே இல்லை. அரசு, 'தேசப் பாதுகாப்பு' என்று ஒரு வரியில் முடித்துக்கொள்ளும்.

இதில் ஒரு விசித்திரம் உண்டு. கடத்தப்பட்ட விமானம் ஏவுகணை மாதிரி வருகிறது என்றால் சுட்டு வீழ்த்தலாம் என்று 2005ல் நம் அரசு கொள்கை வகுத்தது. ஜெர்மனியில் அதே மாதிரிச் சட்டத்தை 2006 பிப்ரவரியில் அரசியல் சாசன நீதிமன்றம் செல்லாது என்றது. உள்ளே இருக்கிற அப்பாவிகளைப் பொருளாக நடத்த முடியாது என்றது. சுடுவதா, கைப்பற்றி இறக்குவதா என்ற இரண்டில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்கணும் என்றால் நான் தம்பி பக்கம்தான் நிற்பேன்.

#13 சிறுசேரி_பாக்கெட் · புதன், காலை 10.10

> சுடுவதா, கைப்பற்றி இறக்குவதா என்ற இரண்டில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்கணும் என்றால்

சார், அந்த 'என்றால்' தான் பிரச்சினை. சுடுகிற நிலை வராத லட்சக்கணக்கான விமானங்களிலும் அந்தப் பெட்டி தினமும் விழித்துக்கொண்டு, கட்டளைக்குக் காதைத் திறந்து வைத்துக்கொண்டு பறக்கணும்.

#14 பழைய_ஹேங்கர் · புதன், மாலை 4.25

தம்பி மனசு விட வேண்டாம். ஜெர்மன்விங்ஸ் உதாரணத்தில் உனக்கே தெரியாமல் வேற கதவைத் தட்டியிருக்கிறாய்.

அந்த விமானத்துக்கு வழியில் மலை இருப்பது தெரியும். தரை நெருங்குகிறது என்று எச்சரிக்கை ஒலித்தது. ஆனால் கத்துவதோடு அதன் அதிகாரம் முடிந்துவிடுகிறது. அமெரிக்க விமானப்படை எஃப்-16 போர் விமானத்தில் 2014 முதல் ஒரு அமைப்பை வைத்திருக்கிறது. பைலட் மயங்கி, விமானம் தரையைப் பார்த்துப் பாய்ந்தால், கடைசி நொடியில் தானே மேலே இழுத்துவிட்டுக் கட்டுப்பாட்டைத் திருப்பிக் கொடுத்துவிடும். பல பைலட்டுகள் அதனால் உயிரோடு இருக்கிறார்கள். வெளியிலிருந்து யாரும் கட்டளை அனுப்பவில்லை, சாவி இல்லை, தரையோடு இணைக்கிற லிங்க் இல்லை. விமானம் தற்கொலைக்கு மறுக்கிறது, அவ்வளவே.

சின்ன விமானங்களில் கார்மின் நிறுவனம் செய்திருப்பதையும் பார். 2020ல் அங்கீகாரம் கிடைத்தது. பைலட்டுக்கு நெஞ்சுவலி என்றால் பயணி ஒரு பட்டனை அமுக்கினால் போதும், பக்கத்து ஓடுதளத்தைத் தேடி, சக்கரம் இறக்கி, நின்று, எஞ்சினையும் அணைத்துவிடும். ஏர்பஸ் 2023ல் ஏ350ல் இதே மாதிரிச் சோதனைகள் செய்தது. நான் முதலில் சொன்ன ஃபிளாப், சக்கரம் லீவர் சமாச்சாரமெல்லாம் இந்த வழியாகவே தீர்ந்துவிடும். ஆனால் கார்மினில் பைலட் எழுந்து உட்கார்ந்தால் ரத்து செய்ய முடியும். கடைசிச் சொல் விமானத்துக்குள்ளேயே இருக்கிறது.

#15 வேளச்சேரி_விண்டோசீட் · புதன், இரவு 7.40

நான் வெறும் பயணி, குறுக்கே பேசுவதற்கு மன்னிக்கவும். ஹேங்கர் சார், 'விமானம் மறுக்கிறது' என்று அழகாகச் சொல்கிறீர்கள். லயன் ஏர் 610, எத்தியோப்பியன் 302. விபத்துக்குள்ளான அந்த இரண்டு போயிங் 737 மேக்ஸ் விமானங்களிலும் பைலட் மூக்கைத் தூக்கத் தூக்க மென்பொருள் கீழே அமுக்கியது, ஒரே ஒரு சென்சார் தப்பாகச் சொன்னதால். 346 பேர். அதுவும் பைலட்டைக் காப்பாற்ற வைத்த மென்பொருள்தானே?

#16 பழைய_ஹேங்கர் · புதன், இரவு 8.30

சரியான கேள்வி அம்மா. அதனால்தான் போர் விமானத்தில் இருப்பதைப் பயணிகள் விமானத்துக்கு அப்படியே தூக்கி வைக்க முடியாது என்கிறேன். ஒரு சென்சாரை நம்பக்கூடாது, இரண்டு மூன்று தனித்தனி வழியில் பார்த்து ஒத்துப்போனால்தான் மறுக்கணும். அதோடு, எப்படி விலக்குவது என்று பைலட்டுக்கு முன்கூட்டியே சொல்லித்தரணும். மேக்ஸில் முதல் விபத்து வரைக்கும் அந்த மென்பொருள் எப்படி வேலை செய்யும் என்ற விளக்கமே பைலட் கையேட்டில் இல்லை. விலக்க வழி வைத்தால் ஜெர்மன்விங்ஸ் துணை விமானி மாதிரி ஆளும் விலக்குவான் என்பாய். ஆமாம், விலக்குவான். அதற்கு மருத்துவச் சோதனை, காக்பிட்டில் எப்போதும் இரண்டு பேர் என்று வேறு வேலிகள்தான் போடணும்.

#17 திரிசூலம்_ரன்வே · வியாழன், இரவு 9.55

எல்லாருக்கும் நன்றி. இறுதியாண்டு ப்ராஜெக்டுக்கு இதையே எடுக்கலாம் என்று இருக்கிறேன். தரைக்கட்டுப்பாட்டை விடவில்லை, 961 எனக்கு இன்னும் உறுத்துகிறது. சிமுலேட்டரில் இரண்டையும் வைத்துப் பார்க்கலாம்: கடத்தல் என்று காக்பிட்டிலிருந்து ஒருவர் ஒப்புக்கொண்டால் மட்டும் தரைக்கு அதிகாரம் போகும், லிங்க் அறுந்தால் விமானம் தானே பக்கத்து ஓடுதளத்துக்குப் போய் இறங்கும்.

#18 மீனம்பாக்கம்_அலைவரிசை · வியாழன், இரவு 10.20

பக்கத்து ஓடுதளம் திறந்திருக்கிறதா என்று அதற்கு யார் சொல்வது? 2015 டிசம்பர் வெள்ளத்தில் மீனம்பாக்கமே நாள்கணக்கில் மூடிக்கிடந்தது.

#19 திரிசூலம்_ரன்வே · வியாழன், இரவு 10.24

மூடிய ஓடுதளங்களின் அறிவிப்பு அவ்வப்போது விமானத்துக்குப் போய்க்கொண்டே இருக்கும், மேடம்.

#20 சிறுசேரி_பாக்கெட் · வியாழன், இரவு 10.26

எந்த லிங்க்கில்?

#21 மவுண்ட்ரோடு_மணி · வியாழன், இரவு 10.31

தம்பி, கைடு யாருப்பா உனக்கு? அவரையும் இந்த இழைல சேத்து விடு.